அடுத்தது யார்? - பெஞ்ச்மார்க் க்யூ வேலை செய்யும் விதம்

புது கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த இரண்டாவது நாளே பலருக்கும் ஒரு ஆசை வந்துவிடும். கடைக்காரர் சொன்ன வேகம் உண்மைதானா, நண்பர் வாங்கியதை விட நம்முடையது ஒரு படி மேலா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். உடனே சினிபெஞ்ச், 3டிமார்க், பாஸ்மார்க் என்று ஏதாவது ஒன்றை டவுன்லோடு செய்து ஓட்டுவார்கள். சில நிமிடங்கள் ஃபேன் இரைச்சலாகச் சுற்றும். முடிவில் ஒரு எண் வரும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, அதை எவ்வளவு வேகமாக முடிக்கிறது என்று அளந்து எண்ணாகச் சொல்வதைத்தான் பெஞ்ச்மார்க் என்கிறோம்.

மைக்ரோசாஃப்ட் கூட 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு இப்படி ஒரு மதிப்பெண்ணைச் சேர்த்தே கொடுத்தது. 1.0-ல் தொடங்கி அதிகபட்சம் 5.9. விண்டோஸ் 7-ல் 7.9 வரை உயர்ந்தது. விண்டோஸ் 8.1-ல் அந்தத் திரையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அளக்கும் புரோகிராமான வின்சாட் மட்டும் உள்ளே அப்படியே இருக்கிறது.

இப்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு பெஞ்ச்மார்க்கை ஒருமுறை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, பெரிய ஃபோல்டர் ஒன்றை பென் டிரைவுக்கு காப்பி செய்துகொண்டே, அதே பெஞ்ச்மார்க்கை மறுபடி ஓட்டுங்கள். எண் இறங்கியிருக்கும். கம்ப்யூட்டர் அதேதான், புரோகிராமும் அதேதான். ஆனால் இரண்டாவது எண்ணை நம்ப முடியாது.

காரணம் எளிது. பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும் மெமரிக்குப் போகும் பாதையும், பிராசஸருக்குள் இருக்கும் கேச் மெமரியின் ஒரு பகுதியும் எல்லா கோருக்கும் பொது. ஒருவர் அதை நிரப்பினால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். போதாததற்கு, எல்லா கோரும் வேலை செய்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே பெஞ்ச்மார்க்கின் முதல் விதி, அது ஓடும்போது அந்த மெஷினில் வேறு எதுவும் ஓடக்கூடாது.

வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கம்ப்யூட்டரும் ஒன்று, கேட்பவரும் ஒருவர். ஆனால் சாஃப்ட்வேர் எழுதும் இடத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். "நான் மாற்றி எழுதியதால் புரோகிராம் வேகமானதா, மெதுவானதா?" என்று ஐம்பது பேரும் கேட்பார்கள். அளக்கும் மெஷினோ ஒன்றுதான். இரண்டு பேரின் வேலையைச் சேர்த்து ஓட்டவும் கூடாது. அப்படியானால் வரிசை வந்தே தீரும். அதுதான் க்யூ. அந்த வரிசையில் அடுத்தது யார் என்று எப்படி முடிவு செய்வது?

"புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய எனக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இப்போது பல க்யூக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரிண்டருக்கு ஒன்று, பிராசஸருக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று. ஒன்றைப் புரிந்துகொண்டால், டாஸ்க் மேனேஜரில் பிரையாரிட்டி என்ற மெனுவைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை.

ஒரு உண்மையான க்யூ

உதாரணத்துக்கு ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியை எடுத்துக்கொள்வோம். 2015 மே மாதம் இதன் 1.0 பதிப்பு வெளியானது. நீங்கள் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் பயன்படுத்துபவராக இருந்தால், 2017 நவம்பரில் வந்த 57-வது பதிப்பிலிருந்து அதில் வெப் பக்கத்தின் அலங்காரங்களைக் கணக்கிடும் பகுதி ரஸ்ட்டில் எழுதப்பட்டதுதான்.

நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் சாஃப்ட்வேருக்கு கம்பைலர் என்று பெயர். ரஸ்ட் கம்பைலர் மெதுவானது என்ற குறை ஆரம்பத்திலிருந்தே உண்டு. அதனால் அந்தக் குழுவினர் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கம்பைலரில் ஒவ்வொரு மாற்றம் சேரும்போதும், இதற்கென்றே ஒதுக்கிய மெஷினில் பல புரோகிராம்களைக் கம்பைல் செய்து அளக்கிறார்கள். ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல வருடங்கள் இதை ஒரே ஒரு மெஷின்தான் செய்துவந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. தன் மாற்றத்தை இன்னும் சேர்க்காத ஒருவர், "முதலில் அளந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். ஒரு வரி எழுதினால் போதும், அதற்கென்று இருக்கும் தானியங்கி புரோகிராம் அவருடைய கோரிக்கையை க்யூவில் சேர்த்துவிடும். அளந்து முடித்ததும் அதுவே வந்து பதில் சொல்லும்.

இதில் ஒரு சுவையான விஷயம், அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது கடிகார நேரத்தை அல்ல. பிராசஸர் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியது என்ற எண்ணிக்கையை. கடிகார நேரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆடும். கட்டளை எண்ணிக்கை அவ்வளவு ஆடாது. அரை சதவீதம் மாறினாலும் தெரிந்துவிடும்.

ஆக, இரண்டு வகைக் கோரிக்கைகள் இருக்கின்றன. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாற்றங்களை மெயின் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவை ட்ரையல். இவற்றோடு, புதுப் பதிப்பு வெளியாகும் சமயத்தில் வரும் ரிலீஸ் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வகை, ஒரு மெஷின்.

முதலில் வந்தவர் முதலில்

எல்லோருக்கும் உடனே தோன்றும் வழி இதுதான். டோக்கன் கொடுத்துவிட்டால் போயிற்று. எழுதுவது சுலபம், யாரும் சண்டைக்கு வர முடியாது. உங்கள் பிரிண்டர் க்யூ சாதாரணமாக இப்படித்தான் வேலை செய்கிறது. நூறு பக்க புராஜெக்ட் ரிப்போர்ட்டை பிள்ளை பிரிண்ட் கொடுத்துவிட்டான் என்றால், நீங்கள் கொடுத்த ஒரே பக்க ரயில் டிக்கெட் நூற்றியோராவது பக்கமாகத்தான் வரும். ரயில் அதுவரை நிற்குமா?

பெஞ்ச்மார்க்கிலும் இதே கதைதான். இன்று மாலை வெளியாக வேண்டிய பதிப்பு, யாரோ ஒருவர் சும்மா ஆர்வத்துக்குக் கேட்ட நான்கு ட்ரையலுக்குப் பின்னால் நின்றால் வெளியீடே தள்ளிப்போகும். எனவே அடுத்த படியாக எல்லோரும் செய்வது, தரம் பிரிப்பது. ரிலீஸ் முதலில், மெயின் அடுத்து, ட்ரையல் கடைசி. சாஃப்ட்வேரில் இதை பிரையாரிட்டி க்யூ என்பார்கள். எழுதுவதும் கடினமில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, பெரிய எண்ணை முதலில் எடுக்கச் சொன்னால் முடிந்தது.

பல பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் ஒருவருடைய வயிற்றில் அடி விழுகிறது.

கடைசியில் நின்றவர்

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பில்லிங் சாஃப்ட்வேர் செய்தோம். அங்கேயும் ஒரே ஒரு சோதனை மெஷின், அங்கேயும் மூன்று தரம். புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன் ஒருவன், பொருள் பெயரைத் தேடும் திரையை வேகமாக்கி எழுதியிருந்தான். நல்ல வேலைதான். திங்கட்கிழமை பெஞ்ச்மார்க் கேட்டான். கடைசித் தரம். அந்த வாரம் ஒரு வாடிக்கையாளர் புகார், அதற்கு மூன்று முறை சோதனை. அடுத்த வாரம் ரிலீஸ். இடையில் தினமும் மெயின். பத்து நாள் ஆகியும் அவன் முறை வரவே இல்லை. பதினோராவது நாள் அவன் மாற்றியிருந்த அடிப்படைக் கோடையே வேறொருவர் மாற்றிவிட்டார். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அந்த மாத மதிப்பீட்டுத் தாளில் அவன் பெயருக்கு எதிரே "முடித்த வேலை" என்ற கட்டம் காலியாக இருந்தது.

யாரும் தவறாக முந்தவில்லை என்பதுதான் இதில் வேதனை. முந்திய ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருந்தது.

சாஃப்ட்வேர் உலகில் இதற்குப் பெயர் ஸ்டார்வேஷன், அதாவது பட்டினி. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடப் புத்தகம் ஒன்றில் இதற்கு ஒரு கதை வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 7094 கம்ப்யூட்டரை 1973-ல் நிறுத்தியபோது, 1967-ல் யாரோ கொடுத்த ஒரு குறைந்த பிரையாரிட்டி வேலை இன்னும் ஓடாமல் உள்ளே காத்திருந்ததாம். செவிவழிச் செய்தி என்றே அந்தப் புத்தகமும் சொல்கிறது. நிஜமோ இல்லையோ, இஞ்சினியரிங் படித்த பலருக்கும் பரீட்சைக்குப் பிறகும் மறக்காத வரி அது.

காத்திருந்தால் மதிப்பு கூடும்

மருந்து ரொம்ப நாளாகவே இருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப பிரையாரிட்டியைக் கூட்டிக்கொண்டே போவது. இதற்கு ஏஜிங் என்று பெயர்.

உங்கள் விண்டோஸ் இதைத் தினமும் செய்கிறது. ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் உள்ளே 0 முதல் 31 வரை ஒரு பிரையாரிட்டி எண் உண்டு. பெரிய எண்ணுக்கு முதல் உரிமை. ஓடத் தயாராக இருந்தும் சுமார் 4 விநாடி பிராசஸர் கிடைக்காமல் ஒரு வேலை காத்திருந்தால், விண்டோஸ் அதைக் கண்டுபிடித்து 15-க்குத் தூக்கிவிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி இறக்கிவிடும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பெரிய கேம் ஒன்று பிராசஸரை அமுக்கிப் பிடித்திருக்கும் நேரத்தில் பின்னால் இருக்கும் சின்ன வேலைகள் மூச்சே விட முடியாது.

பெஞ்ச்மார்க் க்யூவுக்கு வருவோம். ஒவ்வொரு மணி நேரமும் எல்லாக் கோரிக்கைக்கும் ஒரு மதிப்பெண் கூட்டலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு கூடுவதால், மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டிருக்கவே தேவையில்லை. வந்த நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு, அவசரக்காரருக்கு ஒரு சலுகை கொடுத்தால் போதும். மெயின் கோரிக்கை 20 மணி நேரம் முன்னதாகவே வந்ததாக பாவித்துக்கொள்வோம். ரிலீஸ் 40 மணி நேரம் முன்னதாக. ட்ரையலுக்குச் சலுகை கிடையாது. பிறகு எல்லாவற்றையும் அந்த "பாவித்த நேர" வரிசையில் அடுக்கிவிட வேண்டியதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ட்ரையல் திங்கள் காலை 10 மணிக்கு வருகிறது. அதை ஒரு மெயின் முந்த வேண்டுமானால் செவ்வாய் காலை 6 மணிக்குள் வந்தாக வேண்டும். ரிலீஸ் முந்த வேண்டுமானால் புதன் விடியற்காலை 2 மணிக்குள். அதற்குப் பிறகு வருபவர் யாராக இருந்தாலும், மேனேஜரே கேட்டாலும், இந்த ட்ரையலுக்குப் பின்னால்தான். பயிற்சிப் பையனுக்கு "புதன் 2 மணிக்குப் பிறகு உன்னை யாரும் முந்த மாட்டார்கள்" என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. முன்பிருந்த முறையில் எந்தத் தேதியையும் சொல்ல முடியாது.

20, 40 என்ற எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் இடத்துக்கு 5, 10 சரியாக இருக்கலாம். எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் கூட்டம் போட்டு விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சலுகைக்கு ஒரு எல்லை இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்பா அளக்கப்படாமல் பிள்ளையை அளந்து என்ன பயன்?

இப்போதுதான் கொஞ்சம் சிக்கலான இடம். நிதானமாகப் படியுங்கள்.

பெஞ்ச்மார்க்கில் ஒரே ஒரு எண் எதையும் சொல்லாது. "இப்போது 52 விநாடி" என்றால், முன்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் அதற்கு முந்தைய ஒரு நிலையின் மேல் எழுதப்படுகிறது. அந்த முந்தைய நிலையை பேரண்ட் என்பார்கள். பேரண்ட்டை அளந்திருந்தால்தான் பிள்ளையின் எண்ணுக்கு அர்த்தம்.

ஒரு டாக்டரின் கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக வந்த நோயாளியை உடனே பார்க்க டாக்டர் தயார். ஆனால் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வேண்டும். பக்கத்து அறை லேபில் அவருடைய ரத்த மாதிரி, சாதாரணப் பரிசோதனைக்கு வந்த முப்பது பேருக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே டாக்டரின் க்யூவில் அவசரம், லேபின் க்யூவில் சாதாரணம். மொத்தத்தில் அவசர நோயாளி சாதாரண நோயாளி ஆகிவிட்டார்.

பெஞ்ச்மார்க் க்யூவில் அப்படியே இது நடக்கும். மிக அவசரமான ரிலீஸ் கோரிக்கை மேலே நிற்கும். அதன் பேரண்ட், யாரும் கவனிக்காத ஒரு கோரிக்கையாக அடியில் கிடக்கும். நடுவில் இருப்பவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு பிரையாரிட்டி இன்வர்ஷன், அதாவது வரிசை தலைகீழாவது என்று பெயர்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதீர்கள். நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாய் கிரகத்தில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. உள்ளே நடந்தது இதுதான். தகவல் பாதையைப் பார்த்துக்கொள்ளும் மிக முக்கியமான வேலை ஒன்று. வானிலைத் தகவல் சேகரிக்கும் குறைந்த பிரையாரிட்டி வேலை ஒன்று. இரண்டும் ஒரே பூட்டைப் பகிர்ந்துகொண்டன. வானிலை வேலை பூட்டைப் போட்டுக்கொண்டிருக்கும் சமயத்தில், நடுத்தர பிரையாரிட்டி வேலைகள் வந்து அதை ஓடவிடாமல் தடுத்தன. அது ஓடாததால் பூட்டு திறக்கவில்லை. பூட்டு திறக்காததால் முக்கிய வேலை முடியவில்லை. முக்கிய வேலை நேரத்துக்கு முடியாததைக் கண்ட இன்னொரு பகுதி, ஏதோ பெரிய கோளாறு என்று முழு கம்ப்யூட்டரையும் ரீசெட் செய்தது.

கலம் செவ்வாயில் இருக்க, இஞ்சினியர்கள் பூமியில் இருந்த அதே போன்ற கம்ப்யூட்டரில் பிரச்சினையை மறுபடி வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். தீர்வு என்ன தெரியுமா? அதிலிருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருந்து, ஆனால் அந்தப் பூட்டுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு வசதியை ஆன் செய்வது. அந்த மாற்றத்தை ரேடியோ மூலம் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

அந்த வசதியின் பெயர் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். முக்கியமான ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்றால், அவர் காத்திருக்கும் வரை அவருடைய தகுதி உங்களுக்கும் வரும். இதைப் பற்றி 1990-ல் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். மற்ற இருவர் லூயி ஷா, ஜான் லெஹோஸ்கி.

நம் க்யூவில் இதை எழுத நாலைந்து வரி போதும். ஒரு கோரிக்கை சேரும்போது அதன் பேரண்ட் அளக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பேரண்ட்டின் பாவித்த நேரத்தை, பிள்ளையின் நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ரஸ்ட் குழுவினர் எழுதிய முறை இன்னும் எளிமையானது. பேரண்ட் அளந்து முடிந்தவை மட்டுமே தயார் என்று முதலில் பிரித்தெடுப்பார்கள். தயாரானவற்றுக்குள் எது முதலில் என்று பார்க்க, மாற்றத்தின் வரிசை எண்ணை வைத்துக்கொண்டார்கள். சின்ன எண் என்றால் பெரும்பாலும் முன்பே வந்திருக்கும் என்ற உத்தேசக் கணக்கு. துல்லியம் இல்லைதான். மூன்று மாதம் முன்பு தொடங்கிய மாற்றத்துக்கு இன்று பெஞ்ச்மார்க் கேட்டாலும் அது முன்னால் போய்விடும். ஆனால் மூன்று மாதமாகப் போராடுகிறவர் ஒரு மணி நேரம் முன்னால் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தனியாக நேரம் குறிக்கும் வேலையும் மிச்சம்.

பாதியில் நிறுத்தலாமா?

ஒரு அவசரக் கோரிக்கை வரும்போது மெஷினில் வேறொன்று பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்திவிடலாமா? விண்டோஸ் பிராசஸரை விநாடிக்குப் பல முறை பிடுங்கி மற்றவருக்குக் கொடுக்கிறது, மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பெஞ்ச்மார்க்கில் அது ஒத்துவராது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அளவை நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் அந்த எண் கெட்டுவிடும். முதலிலிருந்து தொடங்கினால் ஓடிய நாற்பது நிமிடம் வீண். எனவே தொடங்கியதை முடிக்கவிட்டு, அடுத்த இடத்தை மட்டும் அவசரக்காரருக்குக் கொடுப்பதே என் தேர்வு. பிரிண்டரும் இப்படித்தான். பாதி அச்சான பேப்பரை அது துப்பிவிட்டு வேறு வேலைக்குப் போவதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில கோரிக்கைகள் ஓடும்போதெல்லாம் மெஷினே நின்றுபோகும். க்யூ, "பாதியில் நின்றதை முதலில் முடி" என்று அதையே மறுபடி எடுக்கும். மறுபடி நிற்கும். பின்னால் உள்ள அத்தனை பேரும் காலத்துக்கும் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு முறை தோற்றால் தனியே எடுத்து வைத்துவிட்டு, கேட்டவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். வீட்டு பிரிண்டரிலும் ஒரு கெட்டுப்போன டாகுமென்ட் மாட்டிக்கொண்டு மற்ற எதுவும் வராமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வியாதி. சர்வீசஸ் பகுதிக்குப் போய் பிரிண்ட் ஸ்பூலர் என்பதை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

க்யூ நீண்டுகொண்டே போனால்

ஒரு சோதனைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு நாளில் 24 தான் முடியும். தினமும் 30 கோரிக்கை வந்தால் நாளுக்கு 6 மிச்சம். பத்து நாளில் 60 பேர் வரிசையில் நிற்பார்கள். இந்த இடத்தில் எந்த பிரையாரிட்டி லாஜிக்கும் உதவாது. யாரை முன்னால் விட்டாலும் பின்னால் ஒருவர் நிற்கப்போகிறார். இதை மேலதிகாரிகளுக்குப் புரியவைப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்பேன்.

ஒன்று, இன்னொரு மெஷின் வாங்க வேண்டும். இல்லையென்றால் வேலையைக் குறைக்க வேண்டும். ஒரே கோரிக்கையை ஒருவர் இரண்டு முறை கொடுத்தால் ஒன்றாக்கிவிடலாம். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், புரோகிராம் திறக்கத் தாமதமாகிறதென்று ஐகானை நாலு முறை கிளிக் செய்து நாலு விண்டோ திறந்துகொண்டு முழிப்பார்களே, அது மாதிரி பெரிய இஞ்சினியர்களும் செய்வார்கள். ஒருவர் காலையில் கேட்டதை மதியம் மாற்றி எழுதிவிட்டால் காலைக் கோரிக்கையை நீக்கிவிடலாம், அந்தப் பதில் இனி யாருக்கும் வேண்டாம். வேகத்தைப் பாதிக்காது என்று தோன்றும் சின்னச் சின்ன மாற்றங்களை மூட்டையாகக் கட்டி ஒரே சோதனையாக ஓட்டலாம். ரஸ்ட்டில் இதை ரோல்அப் என்கிறார்கள். மூட்டை மெதுவானது என்று தெரிந்தால் மட்டும் பிரித்து, உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாக அளந்து பார்க்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில்

பெஞ்ச்மார்க் ஓட்டுவதானால், லேப்டாப்பை சார்ஜரில் செருகுங்கள். வின்சாட் முழுச் சோதனை பேட்டரியில் ஓடவே மறுக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு ஓட்டாதீர்கள், பத்து நிமிடம் விடுங்கள். ஆன்டிவைரஸ், அப்டேட் எல்லாம் அவற்றின் க்யூவில் அப்போதுதான் முட்டி மோதிக்கொண்டிருக்கும். பிரவுசரை மூடிவிட்டு மூன்று முறை ஓட்டி, நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வீடியோவை மாற்றும் புரோகிராம் ஓடும்போது மற்றவை திணறினால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீட்டெயில்ஸ் பக்கத்தில் அந்தப் புரோகிராமின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். செட் பிரையாரிட்டி என்பதில் பிலோ நார்மல் கொடுங்கள். வீடியோ சற்று தாமதமாக முடியும், ஆனால் நீங்கள் டைப் செய்வது தடைப்படாது. மேலே இருக்கும் ரியல்டைம் பக்கம் மட்டும் போகாதீர்கள். மவுஸ் கூட அசையாமல் நின்றுபோகலாம்.

பிரிண்டருக்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. பிரிண்டர் புராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரையாரிட்டி என்று 1 முதல் 99 வரை ஒரு எண் இருக்கும். சாதாரணமாக 1. அதே பிரிண்டரை இன்னொரு பெயரில், "அவசரம்" என்று வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டாவது முறை ஆட் செய்து அதற்கு 99 கொடுத்துவிடுங்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் பழைய பெயரிலும் ரயில் டிக்கெட்டுகள் "அவசரம்" பெயரிலும் போகட்டும். இரண்டும் ஒரே பிரிண்டருக்குத்தான் போகும். ஓடிக்கொண்டிருக்கும் டாகுமென்ட் முடிந்ததும், காத்திருக்கும் மற்றவற்றைத் தாண்டி டிக்கெட் வந்துவிடும். பிள்ளைக்கு மட்டும் அந்த இரண்டாவது பெயரைச் சொல்லாதீர்கள்.